தெற்கு நோக்கித் திரும்பிய பள்ளிக்கூடம்

1

இங்கே ஜூன் மாதம் குளிர்காலம். இந்த ஒரு வாக்கியத்தைப் படித்ததுமே தாம்பரத்து நண்பர்கள் புன்னகை செய்வார்கள் என்பதை அறிவேன். கத்திரி கழிந்தும் வெப்பம் கழியாத அந்நாள்களில், சாம்பியா நாட்டு எண்டோலா நகரத்தில் நாங்கள் கம்பளிச் சட்டைக்குள் கைகளை ஒடுக்கிக்கொண்டு காலைத் தேநீர் அருந்துகிறோம். அதன்பின் என் மனைவி லீலா வடகம் பிழிந்த துணியை எடுத்துக்கொண்டு வீட்டின் வடக்குப் புறத்துக்குச் செல்கிறாள். தெற்கே விரித்தால் மாலைவரை நிழலே கிடக்கும், வடகம் காயாது. வந்த முதல் ஆண்டில் ஊர்ப் பழக்கத்தில் தெற்கே விரித்து, பிழிந்தது அத்தனையையும் பூஞ்சைக்குக் கொடுத்தாள்.

"இந்த ஊர்ல வெயிலுக்குக்கூட நம்மள புடிக்கல. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுப் போகுது," என்று அன்று அவள் சொன்னாள்.

வெயிலுக்கு எங்கள்மேல் பகையில்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே தாம்பரம் எவ்வளவு தொலைவில் உள்ளதோ, ஏறக்குறைய அவ்வளவு தொலைவில் தெற்கே உள்ளது எண்டோலா. ஆதலின் ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகற் சூரியன் தாம்பரத்தில் தெற்கே சாய்ந்து செல்கிறது. இங்கே வடக்கே சாய்ந்து செல்கிறது. ஓர் ஊர் மற்றோர் ஊரின் கண்ணாடி நிழல். இச்சிறு உண்மை ஒரு பள்ளிக்கூடத்தைக் கெடுக்க இருந்ததையும், பின்னர் அப்பள்ளிக்கூடம் தழைத்ததையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் சபையார் நடத்தும் தொடக்கப் பள்ளி இவ்வாண்டு மலர் வெளியிடுகிறது. தலைமையாசிரியை கிரேஸ் டீச்சர் என்னை எழுதப் பணித்திருக்கிறார். "கட்டடம் எப்படி வந்துச்சுன்னு நீங்களே எழுதிடுங்க அண்ணா. மத்தவங்க எழுதினா ஆளுக்கு ஒரு கதை எழுதுவாங்க," என்பது அவருடைய சொல். அந்த மற்றவர்களுள் முதன்மையானவர் பொருளாளர் தேவசகாயம் ஐயா. அவரும் இதைப் படிப்பார். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

2

நான் பட்டம் பெற்றவன் அல்லன். தாம்பரம் இரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில், பிறர் வரைந்த படங்களின்மேல் மெழுகுத்தாளை விரித்து நகலெடுப்பவனாகப் பணி தொடங்கினேன். நகலெடுக்கும் கைக்குக் கண் உண்டு. இந்தச் சன்னல் ஏன் இங்கே, இந்தத் தாழ்வாரம் ஏன் அங்கே என்று கேட்டுக்கேட்டு, பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய நூல்களைத் தனியே பயின்று, படம் வரைபவனானேன். அறுபதுகளின் பிற்பகுதியில் சாம்பியாவில் அரசாங்கக் கட்டட அலுவலகத்துக்கு ஆள் தேவை என்று கேள்வியுற்று விண்ணப்பித்தேன்.

விமான நிலையத்துக் குடியேற்ற அதிகாரி என் குடும்பப் பெயரைக் கேட்டார். எனக்குக் குடும்பப் பெயர் இல்லை. பெயருக்கு முன்னே ஓர் எழுத்துத்தான் உண்டு என்றேன். எழுத்தைக் கட்டத்தில் நிரப்ப இயலாது என்றார் அவர். அவ்வெழுத்தின் விரிவைக் கேட்டு எழுதிக்கொண்டார். அன்றுமுதல் இந்நாட்டில் நான் திருவாளர் பொன்னையா. அது என் தந்தையாரின் பெயர். செங்கற்பட்டுக்கு அப்பால் போயறியாத அப்பெரியவர், கடல் கடந்து ஒரு வெளிநாட்டு அலுவலகத்தில் நாள்தோறும் வணக்கம் பெற்று வருகிறார்.

எண்டோலாவில் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு மகப்பேற்று விடுதி. குளிர்காலக் காலைகளில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் கட்டிலை விட்டிறங்கி, பழைய கட்டடத்துக்கு வெளியே மண்ணில் அமர்ந்து குழந்தைகளுக்கு வெயில் காட்டுவதைக் கண்டிருந்தேன். கட்டடம் அவர்களுக்குக் கொடுக்காததை அவர்களே தேடிப் போய்ப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். ஆகவே புதிய விடுதியின் வடபுறம் முழுவதையும் அகன்ற தாழ்வாரமாகத் திறந்துவிட்டேன். தெற்கிலிருந்து வரும் குளிர்காற்று உள்ளே நுழையாதபடி அப்பக்கத்தைச் சுவரால் அடைத்து, மேலே சிறு திறப்புகள் மட்டும் வைத்தேன். முதற்குளிர்காலத்திலேயே தாழ்வாரம் தாய்மார்களால் நிறைந்தது. உள்ளே ஒருவரும் இல்லை என்று செவிலியர் முறையிட்டார்கள். வாழ்வில் எனக்குக் கிடைத்த முதற்பரிசு அம்முறையீடுதான்.

அன்று என் மனத்தில் ஒரு கொள்கை உறுதிப்பட்டது. கட்டடம் என்பது மனிதனை இயற்கையிலிருந்து ஒளித்துவைக்கும் பெட்டி அன்று. வெயிலோடும் காற்றோடும் மழையோடும் மனிதன் செய்துகொள்ளும் உடன்படிக்கை அது. உடன்படிக்கையை மதித்தால் விசிறியும் வேண்டாம், கணப்பும் வேண்டாம். கட்டடமும் நெடுங்காலம் வாழும்.

3

எழுபதுகளின் பிற்பகுதியில், கூரைக்கொட்டகையில் இயங்கிவந்த இராஜகீழ்ப்பாக்கம் பள்ளிக்கு ஓட்டுக் கட்டடம் எழுப்பச் சபையார் முடிவு செய்தனர். அதற்கான நிதி பிடியரிசியால் சேர்ந்தது. ஒவ்வொரு வேளை உலையிலும் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் இட்டு, ஞாயிறுதோறும் கோயிலில் படைப்பது எங்கள் பெண்களின் வழக்கம். அவ்வரிசியை ஏலம் விட்டு வந்ததே அப்பணம். பல்லாண்டு காலம் பல வீட்டு உலைகளில் குறைந்த பிடிகள் அவை. தவறாகக் கட்டிவிட்டு இடித்துக் கட்டக்கூடிய பணமன்று அது.

படம் வரைந்து தருமாறு என்னைக் கேட்டார்கள். எண்டோலா வீட்டு உணவு மேசைமீது, பேரன்போடு வரைந்தேன். நிலம் எனக்குத் தெரிந்த நிலம். வடக்கே வேளச்சேரி செல்லும் சாலை, தெற்கே ஏரி, ஏரிப்பக்கத்தில் ஒரு பெரிய புங்கமரம். கிழக்கு மேற்காக நீண்ட கட்டடம். நடுவே ஒரு சாமான் அறை. அதற்கு இருபுறமும் இரண்டிரண்டு வகுப்பறைகள். சாலையைப் பார்த்து வடக்கே அகன்ற தாழ்வாரம். தெற்கே அடைத்த சுவர். கழிப்பறைகள் வரவேண்டிய இடத்தில் நின்றதால் புங்கமரத்தை நீக்குமாறு குறித்திருந்தேன்.

படிப்பவர்களுள் கூர்மையானவர்கள் இந்நேரம் நாற்காலியில் நிமிர்ந்திருப்பார்கள். அன்று எவரும் நிமிரவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த படம் என்பதால் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. தேவசகாயம் ஐயா இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எதையும் இருமுறை சோதிப்பவர். அவரே படத்தைப் பார்த்துவிட்டு, "ரோட்டுலேந்து பாத்தா நல்ல எடுப்பா இருக்கும்," என்று மகிழ்ந்தாராம். பஞ்சாயத்து அலுவலகமும் முத்திரை வைத்துவிட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நான் குடும்பத்தோடு வரும் சமயத்தில் அடிக்கல் நாட்டுவதென்றும், ஆயர் எழுந்தருள்வாரென்றும் ஏற்பாடாயிற்று.

எங்கள் ஒரே மகள் எஸ்தருக்கு அப்போது பதினொரு வயது. நடை பழகும் பருவத்தில் தாம்பரத்தை விட்டவள். அவளுடைய தமிழ், விருந்தாளி வீட்டில் நடப்பதுபோல் தயங்கித் தயங்கி நடக்கும். எண்டோலாப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு மரியாதை செய்யும் முறையில், முழங்காலை மடித்துக் கைகளை மெல்லத் தட்டி, "முக்வாய்" என்று சொல்லித்தான் எதையும் வாங்குவாள். பெரியோரை விளிக்கும் பணிவுச் சொல் அது. தேவசகாயம் ஐயா அவளுக்கு ஒரு முறுக்கைக் கொடுத்தபோதும் அவ்வாறே செய்தாள்.

ஐயா என் மனைவியைப் பார்த்தார். "ஏம்மா லீலா, புள்ளைக்கு முட்டி வலியா?"

"மரியாதைங்க ஐயா. அந்த ஊர் வழக்கம்."

"நல்ல வழக்கம்தான். ஆனா நம்ம ஊர்ல யாராவது பாத்தா எண்ணெய் தேய்க்கச் சொல்லுவாங்க."

நாங்கள் சிரித்தோம். ஆனால் மகள் நம் ஊருக்கு அயலாளாகிவிட்டாளே என்னும் எண்ணம் லீலாவின் முகத்தில் தங்கியிருந்ததை நான் கவனித்தேன். என்னிடமும் அவ்வெண்ணம் இருந்தது. அயலாளாகிவிட்டது அவள் மட்டும் அல்லள் என்பது அடுத்த நாள் நண்பகலில் விளங்கிற்று.

4

ஞாயிற்றுக்கிழமை அடிக்கல். வெள்ளிக்கிழமை காலை ஏகாம்பரம் மேஸ்திரி நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடியால் தரையில் கட்டடத்தின் கோடுகளை இட்டார். வெண்கோடுகளால் ஆன ஒரு பள்ளிக்கூடம் புல்தரையில் படுத்திருந்தது. எஸ்தர் அதற்குள் விளையாடத் தொடங்கினாள். கதவு இருக்கவேண்டிய இடத்தில் மட்டுமே நுழைந்தாள், சுவர்களை மதித்தாள். வகுப்பறைகளையெல்லாம் பார்வையிட்டபின் வடக்குத் தாழ்வாரத்துக்கு வந்து, மகப்பேற்று விடுதியில் தாய்மார்கள் அமர்வதுபோல் காலை நீட்டிச் சாலையைப் பார்த்து அமர்ந்து, வெயிலுக்காக முகத்தை உயர்த்தினாள். சற்று நேரம் அப்படியே இருந்தாள். பிறகு திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, சன் என் முதுகுல அடிக்குது."

"அதனால என்னம்மா?"

"தப்பு சைடுல போகுது. நம்ம வெராண்டாவுக்கு வரவே இல்ல."

மேஸ்திரி சிரித்துவிட்டார். "பாப்பா, அது நான் பொறந்ததுலேந்து இப்டிக்காதான் போய்கினு கீது. நீ வந்துட்டேன்னு ரூட்ட மாத்துமா இன்னா?"

நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.

என் கை ஒரு மண்ணுக்காகப் படம் வரைந்துகொண்டிருந்தபோது, என் உடல் மற்றொரு மண்ணின் வெயிலில் அமர்ந்திருந்தது. எண்டோலாவில் வடக்கே திறப்பதற்கு எது காரணமோ அது இங்கே இல்லை. வடக்குத் தாழ்வாரத்துக்குக் குளிர்நாளில் வெயிலும் வராது, கோடையில் காற்றும் வராது. தெற்குச் சுவரோ ஆண்டின் பெரும்பகுதியில் வெயிலை வாங்கிச் சுட்டுக்கொண்டிருக்கும். இவற்றையெல்லாம் விடக் கொடியது ஒன்று உண்டு. எண்டோலாவில் தெற்குக் காற்று குளிரால் வாட்டும் பகைவன்; அடைத்தேன். இங்கே தெற்குக் காற்றுக்குத் தென்றல் என்று பெயர். மே மாதத்துப் பிற்பகலில் கடலிலிருந்து புறப்பட்டு, ஏரியைத் தடவிக் குளிர்ந்து வரும் அக்காற்றுக்காக இவ்வட்டாரமே காத்துக் கிடக்கும். "காத்து வந்துடுச்சா?" என்று வீட்டுக்கு வீடு கேட்பார்கள். தாம்பரத்தில் பிறந்த ஒருவன், தாம்பரத்துப் பிள்ளைகளுக்கும் தென்றலுக்கும் நடுவே ஒரு முழுச் சுவரை எழுப்ப இருந்தேன். அதற்காக ஒரு புங்கமரத்தையும் வெட்டுவித்திருப்பேன்.

அடிக்கல் நாட்டிவிட்டால் எதையும் மாற்ற இயலாது. பிடியரிசி ஒருமுறைதான் கட்டடமாகும். அந்த வெண்கோடுகளுக்குள் எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் வெந்துகொண்டு வாய்ப்பாடு சொல்லப்போகிறார்கள்.

"மேஸ்திரி, கோடு எல்லாத்தையும் அழிச்சிடுங்க," என்றேன்.

"இன்னா சார், பேஜாரா பூட்ச்சே. எங்க போடறது?"

"அதே அளவு. அதே எடம். கட்டடத்தை மட்டும் அப்படியே திருப்பணும். ரோட்டுக்கு முதுகு, ஏரிக்கு மொகம்."

ஏகாம்பரம் சாலையைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், புங்கமரத்தின்மேல் சாய்த்து வைத்திருந்த கோடரியைப் பார்த்தார்.

"அப்ப மரம்?"

"மரம் நிக்கும்."

"நான் ஒத்துக்கறேன் சார். பெரியவரு ஒத்துக்கணுமே."

5

மாலையில் கொட்டகைப் பள்ளியின் பலகைகளில் குழுவினர் அமர்ந்தனர். நான் எழுந்து, படத்தைத் திருப்பவேண்டும் என்றும், ஏன் என்றும் சொன்னேன். தேவசகாயம் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் அவ்வாறு துடைத்தால் மறுப்பு வருகிறது என்று பொருள்.

"தம்பி, நாளைன்னிக்கு ஆயர் வர்றாரு. பந்தல் போட்டாச்சு. ரோட்ட பாத்து இருக்கற பள்ளிக்கூடத்தை முதுகு காட்டச் சொல்றீங்க. போறவன் வர்றவன் என்ன சொல்லுவான்? கோவிச்சுக்கிட்டு உக்காந்த மருமகப் புள்ளை மாதிரி இருக்குன்னு சொல்லுவான்."

"சொல்லட்டுங்க ஐயா. படிக்கிற புள்ளைங்க ரோட்டுலயா உக்காரப் போறாங்க?"

ஐயா குரலைத் தாழ்த்தினார். "அது மட்டும் இல்ல. தெக்கு பாத்த வாசல். அது வேண்டாம்."

"நம்ம வேதத்துல தெக்குக்குத் தடை இருக்கா ஐயா?" என்று கிரேஸ் டீச்சர் கேட்டார்.

"வேதத்துல இல்லம்மா. ஊர்ல இருக்கு."

எவரும் சிரிக்கவில்லை. ஏனெனில் அது அங்கிருந்த பலருடைய உள்ளத்திலும் இருந்தது. ஞாயிறு காலையில் வேதம் வாசிக்கும் நாங்கள், வீடு கட்டும் திங்கட்கிழமையில் மனையடி பார்க்கும் பக்கத்து வீட்டாரைக் கேட்டுவைப்பதும் உண்டு. தெற்கு வாசல் எமன் திசை என்னும் அச்சம், ஞானஸ்நானத்தால் கழுவப்படாமல் நின்றுவிட்ட எச்சம். அதை நான் பழித்தால் காரியம் கெடும் என்று உணர்ந்தேன். ஆகவே ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

"ஐயா, மே மாசம் சாயங்காலம் நீங்க எங்க உக்காருவீங்க?"

"ஏரிக்கரையில. வேற எங்க?"

"எதுக்கு?"

"காத்துக்குத்தான். மீன் புடிக்கவா போறேன்?"

"எந்தப் பக்கம் பாத்து உக்காருவீங்க?"

ஐயா துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். கிரேஸ் டீச்சர் அவருக்கு உதவினார். "தெக்கு பாத்துதான் ஐயா. நான் தினம் பாக்கறேனே. துண்ட விரிச்சு, சட்டைய கழட்டி, தெக்க பாத்து உக்காந்தீங்கன்னா சாப்பாட்டுக்குக் கூப்புட ஆள் வரணும்."

இப்போது சிரிப்பு எழுந்தது. ஐயாவும் அதில் சேர்ந்துகொண்டார், ஆயினும் இணங்கவில்லை. "நான் உக்காரறது வேற, வாசல் வேற," என்றார். வாசல் என்னும் அச்சொல்லை அவர் மும்முறை சொன்னார். அவருடைய அச்சம் முழுவதும் வாசலில்தான் இருந்தது. காற்றின்மீது அவருக்கு யாதொரு பகையும் இல்லை. கிரேஸ் டீச்சரும் அதை உணர்ந்திருக்க வேண்டும்.

"அப்ப வாசல் வடக்குல இருக்கட்டும். புள்ளைங்க தெக்குல இருக்கட்டும். நடுவுல ஒரு வழி விடக் கூடாதா அண்ணா?" என்றார்.

நான் கையிலிருந்த பென்சிலால் நடுவிலிருந்த சாமான் அறையின் வடக்கு, தெற்குச் சுவர்களைக் கோடிட்டு அடித்தேன். சாலையிலிருந்து வடக்கு வாசலில் நுழைந்து, கட்டடத்தை ஊடுருவி, ஏரியை நோக்கிய தாழ்வாரத்தில் போய்ச் சேரும் ஒரு நடை பிறந்தது. வாசல் வடக்கே ஆயிற்று. முகம் தெற்கே ஆயிற்று. அதோடு நில்லாமல், குறுகிய வழியில் காற்று விரையும் என்பதால் அந்நடையே கட்டடத்தின் மூச்சுக்குழலும் ஆயிற்று. அந்நடை எனக்குத் தோன்றாத ஒன்று. ஐயாவின் அச்சமும் டீச்சரின் சமயோசிதமும் சேர்ந்து ஈன்றது அது.

"சாமானெல்லாம் எங்க வெப்பீங்க?" ஐயாவின் கடைசி அரண் இது.

"என்ன சாமான் ஐயா? நம்மகிட்ட இருக்கறது ஒரு மணி, ரெண்டு மேப்பு. என் மேசைக்கு அடியில வெச்சுக்கறேன்," என்றார் டீச்சர்.

ஐயா மூக்குக்கண்ணாடியை மீண்டும் அணிந்துகொண்டார். குழு கலைந்தது.

6

எஞ்சியிருந்தது அலுவலகம். முத்திரை வைத்த படத்தை மாற்றினால் மறுபடியும் முதற்படியிலிருந்து ஏறவேண்டும் என்று எல்லாரும் அச்சுறுத்தியிருந்தனர். சனிக்கிழமை காலை படத்தோடு போய் எழுத்தர் முன் நின்றேன்.

"அளவு மாறுதா சார்?"

"மாறல."

"செவுரு எதுனா கூடுதா?"

"கூடல. நடுவுல ரெண்டு செவுரு போகுது. சாலைப் பக்கச் செவுத்துல செங்கல்ல எடைவெளி விட்டு அடுக்கறோம், காத்து வெளிய போறதுக்கு."

"எடுக்கறதுக்கு எதுக்கு சார் பர்மிஷன்? வெக்கறதுக்குத்தான் பர்மிஷன். அப்புறம் இன்னாதான் மாத்தறீங்க?"

படத்தின் மூலையில் இருந்த அம்புக்குறியைக் காட்டினேன். வடக்கு எத்திசை என்பதைக் குறிக்கும் அம்பு அது. கிழக்கும் மேற்கும் ஒத்த அளவினவாகையால், அவ்வொரு குறியைத் தலைகீழாக வரைந்தால் கட்டடம் முழுவதுமே நிலத்தில் திரும்பிவிடும். எழுத்தர் அதை உற்றுப் பார்த்தார்.

"இது ஆண்டவன் வெச்ச திசை. இதுக்கு எங்க ஆபீஸ்ல யாரும் சீல் வெக்கறது இல்ல. நீங்களே திருப்பிக்கோங்க."

அலுவலகங்களைப் பற்றி இரு நாடுகளில் நான் எவ்வளவோ முறையிட்டிருக்கிறேன். அவ்வெழுத்தருக்கு மட்டும் என் நன்றியை இங்கே அச்சில் பதிவு செய்கிறேன்.

அன்று பகல் மறுபடியும் வெண்கோடுகள் விழுந்தன. எஸ்தரே சுண்ணாம்புக் கூடையை ஏந்தி மேஸ்திரியின் பின்னே நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆயர் கல்லை நாட்டி, நிலம் எங்கும் பார்வையை ஓட்டி, "மரத்தை விட்டுவெச்சிருக்கீங்க, நல்லது," என்றார். தேவசகாயம் ஐயா தலையசைத்து அதை ஏற்றுக்கொண்டார்.

7

கட்டடம் எழுந்ததை நான் காணவில்லை. விடுப்பு முடிந்து எண்டோலா திரும்பிவிட்டோம். சில ஆண்டுகள் கழிந்து, என் மைத்துனர் திருமணத்தை முன்னிட்டு ஒரு மே மாதத்தில் ஊர் வந்தோம். வந்த மறுநாள் நண்பகலில் பள்ளிக்குப் புறப்பட்டோம். சாலையில் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. நாய்கள்கூட எழுந்து நிற்கவில்லை.

வடக்கு வாசலில் நுழைந்ததும் லீலா நின்றுவிட்டாள். நடைவழியே வந்த காற்று அவளது சேலைத் தலைப்பைத் தூக்கிப் பின்னே எறிந்தது. "அப்பாடா," என்றாள். ஒரு கட்டடத்துக்கு இதைவிட உயர்ந்த மதிப்புரை எழுதப்பட்டதாக நான் அறியேன்.

பள்ளிக்கு விடுமுறை. ஆனால் தெற்குத் தாழ்வாரம் நிறைந்திருந்தது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தூண்களில் சாய்ந்திருந்தனர். பெண்கள் குழந்தைகளைக் கிடத்தியிருந்தனர். எண்டோலாவின் தாய்மார்கள் வெயிலுக்கு வந்ததுபோல் இவர்கள் நிழலுக்கு வந்திருந்தார்கள். இரு கூட்டத்தாரையும் ஒருவரும் அழைக்கவில்லை. புங்கமரம் கூரையின்மேல் கிளை விரித்திருந்தது. அதற்கு இடம் விட்டு மேஸ்திரி ஓட்டு வரிசையை ஓரிடத்தில் வளைத்திருந்தார். நான் சொல்லாமலே செய்தது. கூரை மழைநீர் வாய்க்கால் வழியே பள்ளிக் கிணற்றுக்குப் போகும்படி அமைத்ததால், கிணற்றில் மே மாதத்திலும் தண்ணீர் இருந்தது. பள்ளி முழுவதிலும் ஒரு விசிறி இல்லை. விசிறியைக் கேட்டவரும் இல்லை.

தாழ்வாரத்தின் நடுவிடத்தில், காற்று நேரே வந்து சேரும் இடத்தில், ஒரு சாய்வு நாற்காலி கிடந்தது. அதில் தேவசகாயம் ஐயா, துண்டை விரித்து, சட்டையைக் கழற்றி, தெற்கு நோக்கி அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சுற்றியிருந்தவர்களுக்கு அறிமுகம் செய்தார்.

"இவருதான் படம் போட்ட பொன்னையா மகன். மொதல்ல வடக்கு பாத்துப் போட்டுட்டாரு. நான்தான் அடிச்சு சொன்னேன், தெக்கு பாத்துதான் இருக்கணும்னு."

கிரேஸ் டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கைகூப்பி, "ஆமாங்க ஐயா," என்றேன். வெற்றி பெற்ற கட்டடத்துக்குத் தந்தையர் பலர் இருப்பது நல்லது. அதற்கு வெள்ளையடிக்க ஆள் குறையாது.

ஐயா எஸ்தரை அருகே அழைத்தார். அவள் பழையபடியே முழங்காலை மடித்தாள். "வளந்துட்டியே. அன்னிக்கு என்னமோ சொன்னியாமே. இன்னிக்கு சரியான சைடுல போகுதா?"

அவள் வாசல் வழியே வெளியே ஓடினாள். மேஸ்திரி விட்டுப்போன ஒரு மூங்கிற்கழியை மண்ணில் நட்டு, அதன் அடியில் விழுந்த விரலளவு நிழலைக் குனிந்து பார்த்தாள். மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"இல்ல தாத்தா. இன்னிக்கு வடக்குல போகுது. எங்க ஊர் மாதிரி."

ஐயா நம்பவில்லை. எழுந்து போய்ப் பார்த்தார். அவர் பின்னே குழந்தைகளும் பெண்களும் போனார்கள். மெய்தான். கோடையின் உச்சத்தில் சூரியன் தாம்பரத்தின் தலையைத் தாண்டிச் சற்று வடக்கே ஏறிவிடுகிறது. கொடும் வெயிற்காலத்தில்தான் அது கட்டடத்தின் முதுகுக்குப் போய், தெற்குத் தாழ்வாரத்தை முழு நிழலாக விட்டுவைக்கிறது. பழைய படத்தின்படி கட்டியிருந்தால், தாழ்வாரம் வடக்கே அமைந்து, அந்நாளில் அடுப்பாக இருந்திருக்கும்.

தேவசகாயம் ஐயா நாற்காலிக்குத் திரும்பி அமர்ந்தார். "எல்லாம் கணக்கு பண்ணித்தான் சொன்னேன்," என்றார்.

8

பிள்ளைகள் நம்மை விட்டு விலகுகிறார்கள் என்று அயல்நாட்டில் வாழ்வோர் எழுதாத கடிதமில்லை. நானும் எழுதியிருக்கிறேன். இப்போது எழுதுவதில்லை. எங்கள் ஊர் மண்ணை மறந்தவள் என்று நாங்கள் வருந்திய மகளே, அம்மண்ணில் அமர்ந்து, வெயில் எப்பக்கம் என்று காட்டினாள். அதை மறந்தவன் நான். இரண்டு வானங்களை அறிந்த பிள்ளை எங்களுக்கு வாய்த்தாள். அவள் வழியே ஒரு பள்ளிக்கூடம் திரும்பிற்று.

இதை எழுதி முடிக்கும் இந்நேரம் லீலா வடகத் துணியை விரிக்கிறாள். அலுவலகம் செல்லும் வழியில் மகப்பேற்று விடுதியைக் கடந்து செல்வேன். அதன் வடக்குத் தாழ்வாரத்தில் தாய்மார்கள் மடியில் குழந்தைகளோடு வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் முகம் பார்க்கும் திசையில் கிழக்கே சாய்ந்து, கானகங்களையும் ஒரு பெருங்கடலையும் கடந்து சென்றால், இராஜகீழ்ப்பாக்கத்துப் பிள்ளைகள் தெற்கே முகம் வைத்துப் பாடம் படித்துக்கொண்டிருப்பார்கள். நான் வரைந்த இரு கட்டடங்களும் உலகத்தின் இரு புறங்களிலிருந்து ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. நடுவே அடைத்த சுவர் ஒன்றும் இல்லை.